நடுவில் ஒரு நாற்காலி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குக் காலை முதல் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், புடவை மேலேயே ஒரே மாதிரி பனியன். முதுகில் ‘புற்றுநோய் ஆராய்ச்சிக்காக விடிய விடிய நடை’ என்று போட்டிருந்தது. இளையவளுக்குத் தலையில் ஸ்கார்ஃப், ஓரத்தில் இப்போதுதான் முளைக்கிற முடி.

“உன்னை சாமியாக்குனது நான்தான், மறந்துடாத,” என்றாள் மூத்தவள்.

“நான் கேட்டனா அக்கா? நானும் நடக்கத்தான வந்தேன்.”

“திருவண்ணாமலையில சுத்தறதுக்கு மலை கீது. வெறும் கிரவுண்டை எப்டி சுத்தறது? அதான் நடுவுல சேர் போட்டு உன்னைக் குந்த வச்சேன்.”

“நான் பாட்டுக்குக் குந்திக்கினு கீறேன், ஜனங்க கும்பிட்டுக்கினு போவுது. ஒருத்தர் செருப்பையே கழட்டிட்டாரு.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா வேண்டிக்கினாங்களாம்?” என்றாள் மூத்தவள்.

“வேற இன்னா, எங்களுக்கு இது வரக்கூடாதுன்னுதான்.”

மூத்தவள் சிரிப்பை நிறுத்தினாள். “நீ இன்னா பண்ண?”

“கையைத் தூக்கி, வராது போன்னு அனுப்பிட்டேன்.”

“அத்தினி பேரையுமா?”

“அத்தினி பேரையும்தான். உனக்குக் காலு வலி, எனக்குக் கை வலி.”