கூரையில் ஏற்றிய தோணி

மார்கழி மாதம். மம்மல் நேரம், பின்னேரம் ஆறரை மணி இருக்கும். மழை. முகத்துவாரத்துக்கு வெளியே, கரை தெரியாத கடலில் ஒரு சின்னப் படகு... சுற்றிவர வேறு ஒன்றுமில்லை.

கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள். இது நம் விதுர்ஷாவின் மாமா உதயரூபனுக்கு நடந்தது. சண்டை முடிந்து, கடலுக்குப் போகலாம் என்று நேவி விட்ட பிறகு வந்த இரண்டாவது மார்கழி.

அவருடைய மனைவி கேதீஸ்வரிக்கு விஜிதரன் என்று ஒரு தம்பி இருந்தான். சுனாமி அன்று விடியற்காலையில் கடலுக்குப் போனவன். தோணி மட்டும் திரும்பி வந்தது. கண்டல் காட்டுக்குள், சேற்றில், நிமிர்ந்தபடி கிடந்தது. துடுப்புக்கூட உள்ளே இருந்தது. ஆளைக் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கேதீஸ்வரி கிரியை செய்ய விடவில்லை. தோணியை வளவுக்குள் கொண்டுவந்து நிமிர்த்தியே வைத்தாள். அந்தக் கரையில், கடலுக்குப் போய் இன்னும் வராதவனின் தோணியைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கவிழ்த்தால், அவன் இனி வரமாட்டான் என்று வீடு ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆறு வருடமாக, மழை பெய்த மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு பேணியால் தோணித் தண்ணீரை இறைத்து ஊற்றுவாள். யாரோடும் பேசாமல்.

உதயரூபன் ஒரு பழைய படகு வாங்கினார். சின்ன அறை, மேலே தட்டைக் கூரை. கடலுக்குப் போகவே கூடாது என்று அவள் மறிப்பாள் என நினைத்திருந்தார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவன்ட தோணியக் கூரையில ஏத்திக்கிட்டுப் போங்க. படகு தண்ணிக்குள்ள தாண்டாலும் அதில ஏறி வரலாம். ஆனா கவுக்கப்படாது."

அவர் சத்தியம் செய்து கொடுத்தார்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் உடைத்துப் போட்டிருந்த ஒரு படகிலிருந்து ராடர் ஒன்றும் கிடைத்தது. வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். கூட்டாளி பஹ்மி காத்தான்குடிக்காரன், இயந்திரம் அவன் பொறுப்பு. கலியாண வீட்டுச் சட்டியைக் கூரையில் ஏற்றியிருக்கிறாய் என்று நாள் முழுக்கப் பகிடி பண்ணினான். பூட்டித் தந்தவர், உயரமான குழாயில் வைக்கச் சொன்னார். சின்னப் படகு, மேலே பாரம் கூடினால் உருளும் என்று இவர்கள் முழங்கால் உயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் பின்னால் இருந்த தோணி ராடரை மறைத்தது. திரையில் பின்பக்கம் மட்டும், நடுவில் கூராகத் தொடங்கி விரியும் ஒரு கறுப்புத் துண்டு. அங்கே எது வந்தாலும் தெரியாது. பஹ்மி அதற்கு, பெருநாளைக்கு வெட்டிக் கொடுக்கும் இனிப்பு போல, வட்டிலப்பத் துண்டு என்று பெயர் வைத்தான்.

பின்னால் வருவதைக் காண முடியாதே என்று பூட்டியவர் ஏசினார்.

"பின்னால வாறவன் நம்மளக் காணுவான்தானே" என்றார் உதயரூபன்.

சிரித்தார்கள்.

அந்த மார்கழி மம்மலில் காற்று தோணியை மூடியிருந்த படங்கைக் கிழித்துக்கொண்டு போனது. தோணிக்குள் மழைத் தண்ணீர் ஏற ஏறப் படகு சரிந்து சரிந்து எழும்பியது. பஹ்மி அவரைப் பார்த்தான். அவர் சுக்கானைக் கட்டிவிட்டு எழுந்தார். இருவருமாகக் கூரையில் ஏறினார்கள். தண்ணீரை ஊற்றினார்கள். தோணியைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டினார்கள்.

படகு நேரானது. கொஞ்ச நேரத்துக்கு நல்லாகத்தான் இருந்தது.

பிறகு... டக்.

மேலே. கவிழ்த்த தோணியின் உள்ளேயிருந்து. விரலை மடக்கி முட்டியால் தட்டுவது போல. டக்... டக். பஹ்மி ஏறிக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தான். கயிறு தளரவில்லை. ஆனால் சேற்று மணம் வருகிறது என்றான். கண்டல் சேறு. நடுக்கடலில்.

உதயரூபன் திரையைப் பார்த்தார். கறுப்புத் துண்டுக்குள் ஒரு புள்ளி.

அங்கே எதுவும் தெரிய முடியாது. தோணி மறைக்கிறது. ஆனாலும் புள்ளி இருந்தது. சின்னதாக, பச்சையாக.

"நேவியா இரிக்கும்" என்றான் பஹ்மி. "லைட்ட நூத்துட்டு வாறானுகள்."

பின்னால் எட்டிப் பார்த்தார்கள். மழை மட்டும். உதயரூபன் சுக்கானை ஒரேயடியாக வளைத்தார். படகு கிறுகியது. படகோடு கறுப்புத் துண்டும் சுற்றும். உண்மையான படகு என்றால் துண்டுக்கு வெளியே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. புள்ளியும் துண்டுக்குள்ளேயே சுற்றி வந்தது.

வேகத்தைக் குறைத்தார். புள்ளி கிட்ட வந்தது. கூட்டினார். விலகவில்லை. பின்னும் கிட்ட வந்தது.

டக் டக் டக்...

முகத்துவாரம் நெருங்கியது. அங்கே வாவித் தண்ணீர் மழையோடு கடலுக்குள் பாயும். பாரம் பிசகினால் படகு புரளும். உதயரூபன் இயந்திரத்தை மெதுவாக்கிவிட்டு எழுந்தார். தோணியை நிமிர்த்தப் போகிறேன் என்றார்.

பஹ்மி கையைப் பிடித்தான். "மச்சான், விசரா? இந்த மழைக்கு அது நிரம்பும். முகத்துவார வாயில வச்சுப் பொரட்டிடும். ஒண்ட பொண்டாட்டிக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"அவளுக்கு நான் சொன்ன சொல்லொண்டு கிடக்கு." கையை விடுவித்தார். "அவனுக்கு ஏற இடமில்ல, மச்சான். அதான் தட்டுறான்."

பஹ்மி ஓதிக்கொண்டே பின்னால் ஏறினான். கயிற்றை அறுத்தார்கள். நிமிர்த்தினார்கள். மறுபடி கட்டினார்கள். தட்டும் சத்தம் நின்றது.

இறங்கி வந்து திரையைப் பார்த்தார்கள். புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. மெல்ல... மெல்ல... துண்டின் கூர்முனைக்கு. திரையின் நடுவுக்கு.

நடு என்றால் இவர்கள் இருக்கும் இடம்.

கூரைப் பலகை ஒரு தரம் கிறீச்சிட்டது. அயர்ந்துபோன ஒருவர் சரிந்து படுத்தால் கட்டில் போடுமே, அந்தச் சத்தம். பிறகு திரை முழுக்க வெறுமை.

முகத்துவாரத்தைக் கடந்தார்கள். மழை ஊற்றிக்கொண்டேயிருந்தது. படகு ஒரு தரமும் சரியவில்லை. இருவரும் மேலே பார்க்கவில்லை.

துறையில் கேதீஸ்வரி குடையோடு நின்றாள். கயிற்றை எறிந்து இறங்கிய கணவனை ஒரு கணம் பார்த்தாள். முழுதாக வந்துவிட்டார் என்று முகம் இளகியது. அவருடைய ஈரத் தலையைத் தொட்டாள். பிறகு அவரைத் தாண்டிக் கூரையைப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு சொணக்கம்?" என்றாள்.

உதயரூபன் ராடர், மழை, இயந்திரம் என்று எதையோ சொல்லத் தொடங்கினார். அவள் காதில் வாங்கவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் டோர்ச்சோடு கூரையில் ஏறினார். இறைக்க வேண்டிய தண்ணீரைத் தேடி வெளிச்சத்தைத் தோணிக்குள் அடித்தார். ஒரு சொட்டு இல்லை. கையை வைத்துப் பார்த்தார். இப்போதுதான் ஒருவர் எழும்பிப் போன பாயைப் போல... இளஞ்சூடு.

கீழே, ஒழுங்கையில், கேதீஸ்வரி போய்க்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல். குடை அவள் தலைக்கு மேல் இல்லை. கையை நீட்டி, இடப்பக்கமாக, தன்னைவிட உயரமான ஒருவருக்குப் பிடிப்பது போல் பிடித்திருந்தாள்.

அவள் நனைந்துகொண்டுதான் போனாள்.