மாப்பிள்ளை என்றொரு புரதம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அறிவில் மூத்த சான்றோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே வந்திருக்கும் அன்னையரே, வணக்கம்!

பூஞ்சை! ரொட்டியில் பூத்தால் எறிகிறோம், செருப்பில் பூத்தால் துடைக்கிறோம், நுரையீரலில் பூத்தால்?

பூத்தது, என் அக்காவுக்கு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, அதை உடல் ஒதுக்காதிருக்க எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருந்த வேளை. காவலர் கண்ணயர, கள்ளப் பூஞ்சை உள்ளே புகுந்தது! பிழைத்தாள், பிழைத்ததும் என்னைப் பிடித்தாள்.

"ஆராய்ச்சிக்காரின்னு சொல்லிக்கிறியே, இதுக்கு ஒரு ஊசி கண்டுபிடிக்க மாட்டியாடி?"

பெரியோர்களே, பூஞ்சையின் மேலுறையில் புரதங்கள் பலவுண்டு. ஒன்றைப் பிரித்து ஊசியாய்ப் போட்டால், உடலின் காவலர்கள் அந்த முகத்தை மனத்தில் பதித்துக்கொள்வார்கள். பகைவன் வந்தால் வாசலிலேயே மடக்குவார்கள். ஆனால் எந்தப் புரதம்?

கணினித் திரையில் கண்ணைப் பறித்தது ஒன்று. என்ன வடிவம்! என்ன வளைவு! 'மாப்பிள்ளை' என்றே பெயரிட்டோம். குளிர்பெட்டியில் தனித் தட்டு, தொடுவதற்குப் புதுக் கையுறை, ராஜ உபசாரம்! எலிகளுக்குப் போட்டோம். மாப்பிள்ளை உள்ளே போனார், உட்கார்ந்தார், ஒரு வேலையும் செய்யவில்லை. சிரிக்காதீர்கள் ஐயா, பக்கத்தில் உங்கள் மாமனார் இருக்கிறார்!

மனமுடைந்து அக்காவை அழைத்தேன்.

"மாப்பிள்ளை வேலைக்கு ஆகலக்கா. தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"ஐயய்யோ! அந்த மனுசன் என்னடி பண்ணாரு?"

"ஒண்ணுமே பண்ணலக்கா, அதான் பிரச்சினையே!"

உடனே என் கணவரை அழைத்து, "தைரியமா இருங்க தம்பி, நான் பேசிக்கிறேன்" என்றிருக்கிறாள். மாலையில் வீட்டுக்குப் போனால், துடைப்பத்தைத் தொட்டறியாத என் கணவர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்! உடனே விளக்கினேனா? சமையலறையும் முடியட்டும் என்று காத்திருந்தேன் தாய்மார்களே!

அடுத்தது, எவரும் ஏறெடுத்தும் பாராத ஒரு புரதம். அழகில்லை; சோதனைக் குழாயில் அழுக்காய்ப் படியும். அதைப் போட்ட எலிகளுக்குப் பூஞ்சையைக் கொடுத்தோம். நாள்கள் நகர்ந்தன. கூண்டைப் பார்த்தால், பெரும்பாலானவை உயிரோடு தின்றுகொண்டிருந்தன! ஆய்வகமே ஆர்ப்பரித்தது.

அக்காவிடம் ஓடினேன். "மனுசங்களுக்கு வர இன்னும் பல வருசம் ஆகும்க்கா. அதுவும், எதிர்ப்புச் சக்திய அடக்கறதுக்கு முன்னாடியே போடணும். உனக்கு..."

"எனக்குப் பிரயோசனப்படாது, அவ்வளவுதானே?" என்றாள். "ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தாளே, அவ வீட்டுக்கே போகலடி. இனிமே வர்றவங்களாவது போகட்டும். போ, போய் வேலையப் பாரு."

அவைக்குச் சொல்கிறேன்: இந்தப் புரதமும் தோற்கலாம். தோற்றால் இன்னொன்றைத் தேடுவோம்; அதுவும் தோற்றால் மற்றொன்றைத் தேடுவோம்; கட்டிலில் கிடப்பவர் எழுந்து, கதவைக் கடந்து, தம் வீட்டுக்குத் தாமே நடந்து போகும்வரை தேடுவோம், தேடுவோம், தேடிக்கொண்டே இருப்போம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியடித்து ஓய்ந்து புன்னகைக்கும் தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. கைகூப்பி அமர்கிறேன், வணக்கம்!