பாண்டித்துரை வாங்கிய மைக்

ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை மணி. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஈ காக்கை இல்லை. கிடங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மழை விட்டிருந்தது... ஓட்டு விளிம்பிலிருந்து டப்... டப்... என்று தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அந்தச் சாலையில் ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். தான் வருவது யாருக்கும் கேட்கக் கூடாது என்று.

சங்கரி. நம் சிநேகிதன் வெங்கிடேஷின் கூடப்பிறந்த அக்காள். சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள்... ஆனால் பகலில் கேளுங்கள்.

அவள் புருஷன் பாண்டித்துரை, கல்யாண வீடுகளில் பாடுகிற கானமேளைக்காரன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் குடியிருந்தார்கள். ஏறி இறங்க ஒரே மரப்படி. ஒரே கதவு. அங்கே ஒரு பழைய டேப் டெக்கை வைத்துக்கொண்டு, தான் கட்டிய பாட்டுகளைப் பத்து வருஷமாகப் பதிந்து வந்தான். அந்த மாதம்தான் அதைத் தள்ளிவிட்டு டிஜிட்டலுக்கு மாறினான். ஒரு லேப்டாப், கையகலத்தில் ஒரு ரெக்கார்டிங் பெட்டி, ஒரு புது மைக்.

"கொசு றெக்கைய அடிச்சாலும் புடிச்சிரும்ட்டி" என்று பெருமை வேறு.

பிடித்தது.

முதல் பாட்டை அவள் போனுக்கு அனுப்பினான். அவள் வேலை பார்த்த ஹோட்டலில், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே கேட்டாள். பல்லவி முடிந்து அவன் மூச்சு இழுக்கிறான்... உடனே இன்னொரு மூச்சு. மெல்லியது. பெண்ணுடையது. கூடவே... கிணிங். கண்ணாடி வளையல்.

டேப்பில் எப்போதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கடியில் எது கிடந்தாலும் காதுக்குத் தெரியாது. டிஜிட்டலில் அந்த இரைச்சல் இல்லை. அப்படியானால் இது எத்தனை வருஷமாக நடக்கிறது?

வீட்டுக்கு வந்து கேட்டாள். "பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும். புது மைக்குல்லா" என்றான், முகத்தைப் பார்க்காமல். அவன் குளிக்கப் போன நேரத்தில் தலையணையை மோந்து பார்த்தாள். கீழேயிருந்து வருகிற சுக்கு வாசனைதான். ஆனால் மைக்குக்கு முன்னால் கிடந்த நாற்காலியில்... ஈர மருதாணி வாசனை.

எதிர்வீட்டு சகீலா இத்தா (முஸ்லிம் அக்காமாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மேல் சந்தேகம் விழுந்தது. எந்நேரமும் ஜன்னலோரம் இருப்பவள். சங்கரி போனதும் அவள் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். வளையல் இல்லை. கால் முட்டி இரண்டும் வீங்கி, தைலத் துணி சுற்றியிருந்தது.

"எந்தா மோளே இப்படி நோக்குற? நான் இந்தக் கட்டிலை விட்டு எறங்கி ஆறு மாசமாச்சு."

சங்கரிக்குக் கூசிப்போயிற்று. "எங்க வீட்டுக்கு எவளாவது வந்து போறாளா இத்தா?"

"படி எனக்கு நேரேயல்லே இருக்கு? ஒருத்தியும் ஏறினதில்ல." கொஞ்சம் யோசித்தாள். "எறங்கினதும் இல்ல."

அப்புறம்தான் அந்த ஞாயிறு. இடக்கொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் பாடப் போகிறேன் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். சங்கரி நம்பவில்லை. பாதி வேலையில் கிளம்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தாள். கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால்... யாரும் இல்லை.

மேஜை மேல் அந்த மைக். பக்கத்து வீட்டுச் சத்தம் என்றானே, அது மெய்தானா என்று பார்த்துவிடலாமே? எந்தப் பொத்தான் என்று அவனே காட்டிக்கொடுத்திருந்தான். அமுக்கினாள். வெளியே வந்து பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அடிப்படியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம். ஒரு பூனை கூட அவளைத் தாண்டி ஏறவில்லை.

மேலே போனாள். கதவைச் சுவரோடு தள்ளித் திறந்துபோட்டாள். பதிவை நிறுத்தி ஹெட்போனை மாட்டினாள்.

அவள் காலடிச் சத்தம். பூட்டு, க்ளக். படி கிறீச்சிடுகிறது... அப்புறம் ஒன்றும் இல்லை. திரையில் கோடு நூல் மாதிரி நேராக ஓடியது. ஓடியது... ஓடியது... சட்டென்று சின்னதாக ஒரு முடிச்சு.

கிணிங்.

"போயிட்டாளா?" ஒரு பெண் குரல்.

"கீழ படியில உக்காந்திருக்கா. மெல்லப் பேசு."

இது ஆண் குரல். பாண்டித்துரையின் குரல்.

ஹெட்போனின் ஒரு பக்கத்தை நகர்த்திவிட்டு அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஃபவாஸ், அவர்கள் குழுவில் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற பையன்.

"சேச்சி, சேட்டன் ஸ்டேஜ்ல பாடிக்கிட்டிருக்கு. கேக்குதோ?"

கேட்டது. மேளம், கைதட்டல், அதற்கு மேலே அவன் குரல். ஒரு காதில் இடக்கொச்சியில் பாடுகிற புருஷன். இன்னொரு காதில் இந்த அறைக்குள் கிசுகிசுக்கிற புருஷன். அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம். அவன் பொய் சொல்லவில்லை... பொய் சொல்லவில்லை...

"எறங்கினதும் விளிக்கச் சொல்றேன்" என்று ஃபவாஸ் வைத்துவிட்டான்.

ஹெட்போனில் கிசுகிசுப்பு தொடர்ந்தது.

"இப்ப ஏறி வருவா. வந்து இதை மாட்டிக் கேப்பா. நீ கதவுக்குப் பின்னால நில்லு."

அப்புறம் படி கிறீச், பூட்டு க்ளக், அவள் காலடி... அத்தோடு பதிவு முடிந்துவிட்டது.

சங்கரி திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மருதாணி வாசனை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கி, ஓய்ந்தது. அறை இருண்டது. அப்போது படி கிறீச்சிட்டது. ஒருவர் ஏறி வரும் சத்தம்.

"சங்கரி."

அவன்தான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தரையப் பாத்துக்கிட்டே வா" என்றான். கையைப் பிடித்தான். எப்போதும் போலச் சூடான கை. அவள் குனிந்த தலை நிமிராமல் கூடவே இறங்கினாள். ஒவ்வொரு படியாக. கடைசிப் படியில் இன்னொரு கையிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"சேச்சி, சேட்டன் இப்பத்தான் ஸ்டேஜ் விட்டு எறங்கிச்சு. குடுக்கட்டா?"

அவள் கண் விழித்தபோது சகீலா இத்தாவின் வீட்டில் கிடந்தாள். தெருக்காரர்கள் தூக்கி வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேடைச் சட்டையோடு பாண்டித்துரை ஆட்டோவில் வந்து இறங்கினான். மறுநாளே இடக்கொச்சிக்குக் குடிபோய்விட்டார்கள். அவன் இன்றும் மேடையில் பாடுகிறான். வீட்டில் பதிவதில்லை. அவன் கையைத் தொட்டால், சங்கரி இப்போதும் முதலில் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள்.

ஆனால் அன்று கண் விழித்ததும் சகீலா இத்தா காதோடு கேட்டதை அவள் புருஷனிடம் இதுவரை சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

"நீ விழுந்ததும், உன் கையைப் பிடிச்சு எறங்கினவனை நான் கூவி விளிச்சேன் மோளே. அவன் திரும்பி மேல ஏறிப் போயிட்டான். கதவு சாத்திக் கெடந்தது... தட்டினான். உள்ளேருந்து தொறந்து குடுத்தாளே, அவ யாரு?"