நெடுங்கல்லின் சாய்வு

எனக்கு ஏணி ஏறினால் தலை சுற்றும், ஐயா. வேலைக்குச் சேரும்போது அதைச் சொல்லவில்லை. காவல் வேலைக்கு ஏணி எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

நான் காவல் காத்தது ஒரு நெடுங்கல்லை. எழுத்து பிறப்பதற்கு முன்பே யாரோ நட்டுவைத்தது, மூன்று ஆள் உயரம். சுற்றிலும் கம்பிவேலி, ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்’ என்று ஒரு பலகை, எனக்கு ஓர் அறை, ஒரு பதிவேடு. கல் லேசாகச் சாய்ந்திருந்தது. திங்கட்கிழமைதோறும் ஏணியில் ஏறி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, கீழே குண்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுத வேண்டும். முதல் வாரமே பாதி ஏணியில் தலை சுற்றியது. இறங்கிவந்து பழைய அளவையே எழுதினேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அவ்வப்போது ஒரு மில்லிமீட்டர் கூட்டினேன், குறைத்தேன். என் பதிவேட்டில் அந்தக் கல் சில வாரம் நிமிர்ந்துகூட நின்றிருக்கிறது.

வளாகத்தைப் பெருக்க ஒருத்தி வருவாள். என்னை அண்ணே என்பாள். நான் சாப்பாடு கொண்டுவராத நாளில் தன் டப்பாவில் பாதியை எனக்கு வைப்பாள். நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு வந்து சொன்னாள்.

“அண்ணே, கல்லுக்கு அடியில ஒரு பக்கம் கை நுழையுது.”

“இத்தனை காலமா நின்னது உன்னைப் பாத்துதான் விழப்போகுதா? போய் வேலையப் பாரு.”

சிரித்துக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்ப் பார்த்தேன், முழங்கை வரை நுழைந்தது. மேலிடத்துக்குச் சொன்னால் ஆள் வந்து அளப்பார்கள், பதிவேட்டைக் கேட்பார்கள். அவளைக் கூப்பிட்டேன்.

“மண்ணைப் போட்டு அடைச்சு, மண்வெட்டியால நல்லா தட்டிவிடும்மா. வெளிய தெரியக் கூடாது.”

“பயமா இருக்குண்ணே.”

“நான்தான் நிக்கறேன்ல.”

நான் வேலிக்கு வெளியே நின்றேன். ஏழெட்டு முறை தட்டியிருப்பாள். கல் அவள் மேலேயே விழுந்தது. ஈர மண் என்பதால் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவள் கூப்பிடக்கூட நேரமில்லை.

அனுமதியில்லாமல் கல்லடியில் தோண்டினாள் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். மண்வெட்டி அவள் கையிலேயே இருந்ததால் நம்பிவிட்டார்கள். பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்ததாக என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

அதோடும் என்னால் வாழ முடிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகவே தூங்கினேன். போன வாரம் அவள் மகள் என் அறைக்கு வந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளைக் ‘கல்லைத் தள்ளினவ மகள்’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்களாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்கம்மா செஞ்சதால உங்களுக்கும் எவ்வளவு தலைகுனிவு. எங்கள மன்னிச்சிருங்க மாமா,” என்று அழுதாள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

“பரவாயில்லம்மா, மன்னிச்சுட்டேன்,” என்றேன்.