பரிசுக்குத் தனி முகவரி

நான் தாமதமாக வந்தும் முகம் சுளிக்காமல் நாற்காலி காட்டிய அவைத் தலைவர் அவர்களே, முப்பது பேரோடு தொடங்கிய இந்தப் பரிசுப்போட்டி நேயர் மன்றத்தை முந்நூறு பேராக வளர்த்தெடுத்த மூத்தவர்களே, சோப்பு உறைகளைச் சேர்த்துச் சேர்த்தே வீட்டுக்கு மிக்சி கொண்டுவந்த மதிநுட்பம் மிக்க தாய்மார்களே, கைப்பேசியைக் கீழே வைக்காமலே கைதட்டத் தெரிந்த தம்பிமார்களே, தங்கைமார்களே! சலவைக் கடையில் துணிக்கு அடையாளச் சீட்டு குத்தும் இந்த எளியவளின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியதாகட்டும்.

அழைப்பிதழில் என்னை ‘வெற்றித் திலகம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ‘வெல்வது எப்படி’ என்று தலைப்பும் தந்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். வென்ற கதை சொல்ல நான் வரவில்லை. இழந்த கதை சொல்ல வந்திருக்கிறேன்.

என்ன ஐயா, பின்வரிசையில் கேட்கவில்லையா? இதோ, ஒலிபெருக்கியை நெருக்கி வைத்துக்கொள்கிறேன். இதை இரண்டாம் முறை சொல்லும் தெம்பு எனக்கில்லை.

போன ஆண்டு இதே மேடையில் நின்று உங்களுக்கு ஓர் உத்தி கற்பித்தேன். நினைவிருக்கிறதா? ஒரு நாளைக்கு நாற்பது குலுக்கல்களுக்குப் பெயர் கொடுக்கிறோம். நாற்பது நிறுவனங்களும் நானூறு மின்னஞ்சல் அனுப்புகின்றன. எல்லாவற்றையும் யார் படிப்பது? ஞாயிறு காலையில் உட்காருங்கள் என்றேன். ‘பரிசு’ என்று தேடுங்கள், ‘வெற்றி’ என்று தேடுங்கள், ‘குலுக்கல்’ என்று தேடுங்கள். வந்தவற்றுக்கு நட்சத்திரம் இடுங்கள். மிச்சம் மொத்தத்தையும் ஒரே அழுத்தில் குப்பைக்கு அனுப்புங்கள் என்றேன். எப்படிக் கைதட்டினீர்கள்! நானும் எப்படிப் பூரித்துப் போனேன்!

ஆனால் அன்பர்களே, என் தொழில் என்ன? இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் துணியை ஊரார் துணியோடு கலக்காமல் காப்பது. வெள்ளைக்கு ஒரு கூடை, சாயம் போகிற துணிக்கு ஒரு கூடை, கைக்குழந்தைத் துணிக்குத் தனியாக ஒரு கூடை. ஒருவர் காலுறை இன்னொருவர் மூட்டைக்குப் போனதாக என் மேல் ஒரு புகார் உண்டா? கிடையாது. கூடை பிரிக்கத் தெரிந்த இந்தக் கைகள், சொந்த அஞ்சல் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. குலுக்கலுக்கும் அதே முகவரி, குடும்பத்துக்கும் அதே முகவரி. அழுக்கும் அதிலே, அன்பும் அதிலே.

எனக்கு ஒரு தம்பி. ஒரே தம்பி. உறவுக்காரர் வீட்டு விருந்து ஒன்றில் எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றார்கள். நான் ஓரமாக நின்று, பகல் பன்னிரண்டு மணிக்கு முடியும் ஒரு குலுக்கலுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: “ஒரு போட்டோவுக்குக்கூட தலை நிமிர மாட்டியாக்கா? உனக்கு மனுஷங்களைவிட குலுக்கல்தான் பெருசாப் போச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்த கையோடு அவன் எண் என் கைப்பேசிக்கு வர முடியாதபடி தடுத்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. பாருங்கள், அவன் சொன்னது பொய் என்று காட்ட நான் ஒரு நாளாவது முயன்றேனா? இல்லை. நாற்பது குலுக்கலை ஐம்பதாக்கினேன்.

எட்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடையில் தோளில் பத்து மேலாடைகளோடு நிற்கிறேன். தம்பி மனைவி அழைக்கிறாள். இரண்டு நாளைக்கு முன் அவனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்ததாம். அன்று விடியலில் அவன் போய்விட்டானாம். அழுதுகொண்டுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவர் மூணு மெயில் போட்டாரே அண்ணி. ஒண்ணுக்காவது ஒரு வரி பதில் போட்டிருக்கலாமே.”

எந்த மெயில்? எப்போது போட்டான்? தொலைபேசியில் அழைத்துச் சொல்ல அவளையும் அவன் விடவில்லையாம். அக்காவின் கோபத்தைத் தானே ஆற்றுகிறேன், எழுத்தில் கேட்டால் அக்கா மறுக்க மாட்டாள் என்றானாம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

ஆடைகளைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பேசியில் அஞ்சலின் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். நம் உத்தியால் நிறைந்த குப்பைத் தொட்டி. ஆயிரக்கணக்கான தள்ளுபடிகளுக்கு நடுவே என் தம்பியின் கடிதம் ஒன்று கிடந்தது. அதில் பரிசு என்ற சொல் இல்லை. வெற்றி என்ற சொல் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அதைத் தள்ளியிருக்கிறேன். என்ன எழுதியிருந்தான் தெரியுமா?

“அக்கா, முன்னாடி போட்ட ரெண்டு மெயில்லயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறுபடி எழுதக் கை ஓடல. வியாழக்கிழமை காலையில ஆபரேஷன். கோவம் ஆறியிருந்தா வா. ஆறலைன்னாலும் வா.”

ஆறலைன்னாலும் வா!

அந்த வியாழக்கிழமை நான் எங்கே இருந்தேன்? கடையில் இருந்தேன். தேநீர் இடைவேளையில் பதினொரு குலுக்கல்களுக்குப் பெயர் கொடுத்தேன். அன்று எனக்குப் பரிசும் விழுந்தது. ஒரு வெந்நீர்க் குடுவை. மருத்துவமனைக்கு எடுத்துப்போகிற பொருள். அது இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.

முதல் இரண்டு கடிதங்கள் எங்கே? அவை இரண்டு மாதத்துக்கு முந்தியவை. தொட்டியில் தள்ளியது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். அழிந்துவிட்டது. அனுப்பியவன் பெட்டியில் அதன் நகல் இருக்குமே என்று முன்வரிசைத் தங்கை கேட்கிறாள். நானும் ஓடினேன் அம்மா. அவன் எழுதியது அலுவலக முகவரியிலிருந்து. நாங்கள் போய்க் கேட்பதற்குள் அதை மூடி, உள்ளே இருந்ததையும் அழித்திருந்தார்கள். எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்றானே, அந்த எல்லாம் என்ன? என்னைத் திட்டினானா? மன்னித்தானா? சின்ன வயதில் நாங்கள் அடித்துக்கொண்டதை நினைவூட்டிச் சிரித்தானா? உயிரோடு இருக்கும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. இதைவிட ஒருத்திக்கு என்ன தண்டனை வேண்டும்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு குலுக்கலுக்கென்று தனி முகவரி தொடங்கினேன். ஐந்து நிமிட வேலை. வெறும் ஐந்து நிமிடம்! போட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அங்கே மாற்றினேன். அதற்கு நாற்பது நாளானது. பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்றும் பெயர் கொடுக்கிறேன், ஆனால் அந்தக் கூடையில் மட்டும். என் பழைய பெட்டி இப்போது துவைத்து விரித்த வெள்ளைத் துணி போலக் கிடக்கிறது. எவர் ஒரு வரி எழுதினாலும் அடுத்த நொடி கண்ணில் படும். எழுத வேண்டியவன்தான் இல்லை.

ஆகவே என் தாய்மார்களே, என் தமையன்மாரே! போன ஆண்டு நான் கற்பித்ததை இன்று அதே வாயால் திரும்பப் பெறுகிறேன். பரிசுக்குத் தனி முகவரி வையுங்கள். நாளைக்கு அல்ல, இந்த அரங்கை விட்டு எழுவதற்கு முன்பே வையுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை. உங்கள் குப்பைத் தொட்டிகளைத் திறங்கள். முப்பது நாள் இன்னும் முடியாத கடிதம் ஒன்று உங்களில் யாருக்காவது அங்கே கிடக்கலாம். ‘வெற்றி’ என்று தேடாதீர்கள். உங்கள் மகனின் பெயரைத் தேடுங்கள். அக்காவின் பெயரைத் தேடுங்கள். சண்டை போட்டுக்கொண்டவர்கள் எவரோ அவர்கள் பெயரை முதலில் தேடுங்கள்!

மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா கைப்பேசியை எடுத்துவிட்டார். தேடுங்கள் அம்மா, நிதானமாகத் தேடுங்கள்.

இடம் தந்த மன்றத்துக்கும், அழுதபோது தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்த தலைவருக்கும் என் நன்றி. எனக்காக யாரும் கைதட்ட வேண்டாம். அந்தக் கைகள் தேடட்டும். வணக்கம்.