எட்டணாவுக்கு நகர்ந்த உளி

கண் தெரியாதவர் ஒருவருடைய பாதைக்கு விலை எட்டணா. நான் நாலணாவில்தான் ஆரம்பித்தேன், ஐயா. அம்மி கொத்துகிற இன்னாசிராஜ் படியவில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் என்னிடமே பேரம். சரி, பிழைக்கத் தெரிந்தவன் என்று கொடுத்துவிட்டேன்.

பாதைக்குச் சொந்தக்காரர் அப்துல் மாலிக். மலைக்கோட்டைக் கடைவீதியில் அத்தர் விற்பவர். காலடிச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார்.

ஆவணியில் என் குடோன் எரிந்தது உங்களுக்குத் தெரியும். வெங்காயம் அழுகியிருந்தது, இன்ஷூரன்ஸ் அழுகவில்லை. காவல்காரன் மருதை வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவான். அன்று உள்ளேயே தூங்கிவிட்டான். அவன் உள்ளிருந்து கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. திறந்தால், தீ வைத்தது யார் என்று கேட்பான். நான் அப்போது ஜீயபுரத்தில் வாழைத்தார் பார்த்துக்கொண்டிருந்ததாக உங்கள் ரிக்கார்டில் இருக்கும்.

மறுநாள் அத்தர் கடையைத் தாண்டும்போது மாலிக் பாய் கூப்பிட்டார்.

"முதலாளி, இடது செருப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. நேத்து ஜும்மா முடிஞ்சு வர்றப்ப உங்க குடோன் சந்துலயும் கிரீச் கிரீச்சுன்னுச்சு."

"நேத்து நான் ஊர்லயே இல்லையே, பாய்."

"அப்படிங்களா?" சிரித்தார். "அப்ப செருப்பு மட்டும் வந்திருக்கும்."

அதன்பிறகு கிணற்று ராட்டினத்தில் கயிறு முறுகினாலும் கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

ஒரு வாரம், சாயங்காலம் அவரை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அவரும் சந்தோஷமாகத் தன் வழியைச் சொல்லிக்கொடுத்தார். "பாத்திரக்காரன் சுத்தியல். காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின். சோடாக்கடைக் கோலி. கடைசியா உளி. அது பக்கத்துல வந்ததும் வலது பக்கம் திரும்பினா கால்வாய்ப் பாலம். ஒருநாளும் தப்பாது, முதலாளி." கண்ணை மூடி நானும் எண்ணினேன். மொத்தம் பதினேழு சத்தம். பதினேழாவது, இன்னாசிராஜின் உளி.

அவனைப் பாலத்திலிருந்து முப்பதடி தள்ளி உட்காரச் சொன்னேன். வெயில் கண்ணில் அடிக்காதபடி கால்வாய்க்கு முதுகு காட்டி. அங்கே கரைச்சுவர் இடிந்து கிடந்தது; தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. அன்றைக்கு மட்டும் மண்டியில் வேலை என்று பாயைத் தனியே அனுப்பிவிட்டு, சோடாக்கடையில் நின்று பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை; கைத்தடியைத் தட்டிக்கொண்டே வந்தார். உளி பக்கத்தில் கேட்டதும் வலது பக்கம் திரும்பினார்.

மூன்றாம் நாள், இறந்தவருக்கு ஓதும் ஃபாத்திஹாவுக்குப் போனேன். அவர் மகள் ஷரீபா அழுதுகொண்டே சொன்னாள்: "தீயைப் பத்தி போலீஸ்ல அத்தாகிட்ட கேட்டாங்க, முதலாளி. சந்துல யார் நடமாட்டமும் கேக்கலன்னு அத்தா சொல்லிட்டாங்க. 'தெனம் கூட வந்து வீட்ல விட்டுட்டுப் போற மனுஷன் அந்தப் பாவத்தைப் பண்ணுவாரா, என் காதுதான் தப்பு'ன்னு எங்கிட்ட சொன்னாங்க."

டீ கொடுத்தாள். குடித்தேன்.

செருப்புக்கு எண்ணெய் விட்டாயிற்று. உளியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் இப்போது பாலம்வரை எண்ணினால் பதினெட்டு வருகிறது. பின்னால் இரண்டடி விட்டு ஒரு கைத்தடி. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. அதற்குப் பயந்துதான் உங்கள் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்; இங்கே நாலு பேர் பேசுகிற சத்தம் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். மருதை தூங்கினான், அது அவன் கணக்கு. மாலிக் பாய் திரும்பினார், அது அவர் கணக்கு. என் பேரில் இருந்தது இன்னாசிராஜுக்கு எட்டணா. அதை அன்றைக்கே தீர்த்துவிட்டேன்.