நான் பார்த்துக்கறேன்

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் அடிக்கடி மக்கர் செய்யும். அங்கிருந்து தொடங்கினால்தான், மேடம், உங்களுக்கு விஷயம் விளங்கும்.

மோட்டார் நின்றதும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "தண்ணி வரல" என்பார். உடனே வீட்டுக்கு ஒருவராக அதே மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் வெறுத்துப்போய், "உங்க கட்டடத்துல மோட்டாரவிட மனுஷங்கதான் ரிப்பேர்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். குழுவின் அட்மின் நான். ஆகவே ஒரு விதி கொண்டுவந்தேன். யாராவது "நான் பார்த்துக்கறேன்" என்று எழுதிவிட்டால், மற்றவர்கள் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

மனித மனத்தைப் பற்றிக் கம்பெனிகளில் வகுப்பெடுப்பது என் தொழில். கூட்டம் சேர்ந்தால் ஒன்று எல்லாரும் பாய்வார்கள், இல்லையென்றால் பொறுப்பு பந்து மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் தலையில் கட்டினால்தான் வேலை நடக்கும். நடந்தது. மோட்டார், லிஃப்ட், குப்பை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. நன்றி சொன்னவர்கள் யாரும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்கு நேர் மேலே பல் டாக்டர் இருந்தார். ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். ஆயுள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், ஓய்வுக்குப் பிறகு தம் வாயை மூட மறந்துவிட்டார். முழங்கால் கோளாறு, கையில் தடி. நாள் முழுக்க என் உச்சந்தலைக்கு மேல் டொக், டொக். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

குடியிருப்போர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நட்டநடு வீதியில் ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் ஏன் கிட்டே போவதில்லை என்று திரையில் படம் காட்டி விளக்கினேன். நன்றாகவே பேசினேன். முடிவில் பல் டாக்டர் தடியைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு சந்தேகம். நான் இப்ப விழுந்தா நீங்க தூக்குவீங்களா, இல்ல அடுத்த படத்தக் காட்டுவீங்களா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அன்றிலிருந்து குழுவில் நான் எதை எழுதினாலும் "அடுத்த படம் போடுங்க சார்" என்று ஒரு பதில் வரும். பின்னாலேயே சிரிப்பு முகங்கள் வரிசை கட்டும். ஒருவர் சிரித்தால் மற்றவரும் சிரிப்பது இயற்கை. நானே பாடமாக நடத்துவதுதான். அதனால் எனக்குக் கோபமே வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பல் டாக்டருடைய செய்தி குழுவில் வந்தது. "பாத்ரூம்ல விழுந்துட்டேன். நெஞ்சு அடைக்குது. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. யாராவது வாங்க."

"நான் பார்த்துக்கறேன்" என்று எழுதினேன்.

கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. ஒருவர்கூடப் பிசகவில்லை. கம்பெனிகளில் மாதக்கணக்கில் மன்றாடினாலும் இப்படி ஓர் ஒழுங்கு வராது. தரைத்தளத்துத் தையல்கார அக்கா மட்டும் குரலில் பேசி அனுப்பினார். "சார், நான் படியில நிக்கறேன். நானும் வரட்டா? மனசு கேக்கல."

"வேணாம்க்கா. நான் அவர் பக்கத்துலதான் இருக்கேன். ஆம்புலன்ஸ் வருது. கூட்டம் கூடினா அவருக்கு மூச்சு முட்டும்."

இடது கையால் எழுதினேன். வலது கை சாப்பாட்டில் இருந்தது. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பிறகு, குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவைத்தேன். பதற்றம் ஒட்டுவாரொட்டி, மேடம். பல் டாக்டரும் விதியை மதிப்பவர்தான். அவருடைய ஃபோனை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொல்லியிருக்கிறானே.

கொஞ்ச நேரம் கழித்துத் தடியால் தட்ட ஆரம்பித்தார். மனைவியின் ஃபோன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது.

"என்னங்க, மேல தட்டுறாரு போல."

"அவர் என்னைக்குத் தட்டாம இருந்தாரு?"

"இது வேற மாதிரி இருக்குங்க. ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்."

"சாப்பிட்டுப் போறேன். தண்ணி எடு."

எடுத்துக் கொடுத்தாள்.

தையல்கார அக்கா இன்னும் அழுகிறாராம். பாதிப்படி ஏறியவள் ஏன் திரும்பினேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாராம். நான் நேரில் போய் ஆறுதல் சொன்னேன். "இது உங்க தப்பு இல்லக்கா. மனுஷ மனசே அப்படித்தான்" என்றேன். மறுநாள் ஒரு கம்பெனியில் வகுப்பு இருந்தது. இந்த உதாரணத்தைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். கைதட்டினார்கள்.

பயம் காட்டத்தான் நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். அப்படி நினைக்கவில்லை. தட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். இடைவெளி விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றது. கை கழுவித் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

கதவு அவர் சொன்னபடியே சும்மாதான் சாத்தியிருந்தது. தடி அவர் கையிலேயே இருந்தது. தோளுக்கடியில் கை கொடுத்து, நிமிர்த்தி, சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். கனமான மனிதர், எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இதை வாக்குமூலத்தில் விடாமல் எழுதுங்கள், மேடம். விழுந்தால் தூக்குவீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டார் அல்லவா? தூக்கினேன்.